உப்புத் தண்ணீரில் ஒரு வரிசை

பன்னிரண்டு மணிக்கு மஞ்சள் சாயத்தை விட்டாயிற்று. இனி நாலு மணிக்குத்தான் தட்டை வெளியே எடுக்க வேண்டும். நடுவில் இருக்கிற நாலு மணி நேரத்துக்குச் செண்பகவல்லிக்கு ஒரு வேலையும் கிடையாது. வேலை இல்லையென்றால் சும்மா இருக்கலாம்தானே. அவள் மனசு என்றைக்குச் சும்மா இருந்தது? கோவில்பட்டியில் அம்மா சொல்வாள், இவளை ஓரிடத்தில் உட்காரவைத்தால் ஆள்தான் உட்கார்ந்திருப்பாள், மனசு அந்நேரம் பஸ் ஏறிப் போயிருக்கும் என்று. செல் வளர்க்கிற பெட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அதன் இரும்பு முதுகில் தோளைச் சாய்த்தாள். உள்ளே முப்பத்தேழு டிகிரி, மனுஷ உடம்புச் சூடு. அதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, தட்டில் தொண்ணூற்றாறு குழி, குழிக்குள் ஆயிரக்கணக்கில் புற்றுநோய் செல்கள். உயிரோடிருக்கிற செல் மஞ்சள் சாயத்தை ஊதாவாக்கிவிடும். செத்துப்போன செல்லுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். அவ்வளவுதான் விஷயம். ஆறு வருஷமாக அவள் பார்ப்பது இந்த இரண்டு நிறத்தைத்தான். ஊதா தெரிந்தால் மருந்து தோற்றது, மஞ்சள் தெரிந்தால் ஜெயித்தது. இன்றைக்கு மட்டும் ஒரு வரிசை மஞ்சளாகிவிடக் கூடாதே என்று இருக்கிறது. நினைக்கக் கூடாது என்று முடிவு பண்ணித்தான் ஸ்டூலில் உட்கார்ந்தாள். முடிவு பண்ணி முடிப்பதற்குள் சங்கரன்கோவில் அண்ணாச்சியின் குரல் வந்துவிட்டது, தங்கச்சீ என்று.

அந்த மனுஷனுக்குக் குரலைத் தாழ்த்தவே தெரியாது. வீட்டோடு விசைத்தறி, காலையிலிருந்து ராத்திரிவரை தடதடவென்று அடிக்கிற சத்தத்துக்குள்ளேயே பேசிப் பழகினவர், தறி நின்றிருந்தாலும் கத்தித்தான் பேசுவார். கோமதிநாயகம் என்று பேர். பேப்பரில் செய்தியைப் பார்த்துவிட்டுப் பல்கலைக்கழகத்தில் அவள் துறை ஆபீசுக்குப் போன் பண்ணி, அங்கே கெஞ்சி, அவள் நம்பரை வாங்கியிருக்கிறார். மாவட்டப் பக்கத்தில் நாலு பத்திக்குப் போட்டிருந்தார்களே, அவளுடைய கைடு ஞானதிரவியம் சாரும் அவளும் வெள்ளைக் கோட்டோடு சிரித்துக்கொண்டு நிற்கிற படம், பிளாட்டினத்திலிருந்து புதிய புற்றுநோய் மருந்து, இப்போது உள்ளதைவிடப் பன்னிரண்டு மடங்கு வீரியம் என்று. எலிக்குக்கூட இன்னும் கொடுத்துப் பார்க்கவில்லை என்று அவள் நிருபரிடம் சொல்லத்தான் செய்தாள், அது அச்சில் வரவில்லை. அண்ணாச்சியின் மனைவிக்கு, இவளுக்கு மதினி முறை, கர்ப்பப்பை வாயில் புற்று. ஆஸ்பத்திரியில் தினசரி கரண்ட் வைக்கிறார்கள், கதிர்வீச்சைத்தான் அப்படிச் சொல்வார், வாரம் ஒரு ஊசி. அந்த ஊசி சிஸ்பிளாட்டின், அதுவும் பிளாட்டினம்தான், பழைய மருந்து. ஊசி போட்டு வந்தால் மூன்று நாளைக்கு மதினி பச்சைத் தண்ணீர் குடித்தாலும் வாந்தி. 'ஒங்க மருந்து இதைவிடத் தேவலாமா தங்கச்சி?' என்று கேட்டார். 'பன்னெண்டு மடங்கு, அண்ணாச்சி' என்றாள். என்ன ஒரு வாய், என்ன ஒரு பெருமை! 'எப்ப வரும்?' என்றார். சிரித்துக்கொண்டே 'வரும் வரும்' என்றாள். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் தன் கன்னத்தில் தானே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போல இருக்கிறது. அடுத்த வாரம் அவரே கூப்பிட்டார். 'மூணாவது ஊசிக்குப் போகல தங்கச்சி. கரண்டும் வேண்டாம்னுட்டோம். ஒங்க மருந்துக்கே காத்துக்கிட்டிருந்துருவோம்.' ஐயையோ, அப்படியெல்லாம் நிறுத்தக் கூடாது அண்ணாச்சி, டாக்டர்கிட்டக் கேளுங்க என்று சொன்னாள். சொன்னாள்தான். எப்படிச் சொன்னாள்? சார் கூப்பிடுகிறார் என்று பாதியில் போனை வைத்தாளே, அப்படிச் சொன்னாள். அதோடு இரண்டு வாரம் ஓடிவிட்டது.

பெட்டி விர்ரென்று இழுத்து ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. கண்ணை மூடினால் உறக்கம் வரும் போலவும் இருந்தது, வராது போலவும் இருந்தது. வாயில் பூண்டு வாசனை. காலையில் கையுறையில் எங்கேயோ பொத்தல், மருந்து கரைக்கிற டி.எம்.எஸ்.ஓ. ஒரு சொட்டு விரலில் பட்டிருக்கும். தோலில் பட்டால் போதும், அந்தத் திரவம் உள்ளே இறங்கி ரத்தத்தில் கலந்து கொஞ்ச நேரத்தில் நாக்குக்கு வந்துவிடும், பூண்டைக் கடித்த மாதிரி. முதல் வருஷம் ஊருக்குப் போனபோது அம்மா முகத்தைச் சுளித்தாள், என்னட்டி ஆஸ்டல்ல பூண்டாவே போடுதானா என்று. அது கந்தக வாசனை அம்மா என்றால் அவளுக்குப் புரியவா போகிறது. அந்தக் கந்தகம், அந்தக் கந்தகம். பிளாட்டினத்தைக் கண்டால் கந்தகம் விடாது, போய் ஒட்டிக்கொள்ளும். இது பி.எஸ்ஸி. படிக்கிற பிள்ளைக்குத் தெரியும். செண்பகவல்லிக்கும் தெரியும். பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். தெரிந்திருந்து என்ன செய்ய, சார் லேபில் எந்த மருந்தானாலும் டி.எம்.எஸ்.ஓ.வில்தான் கரைக்க வேண்டும், அது இருபத்தைந்து வருஷச் சட்டம். எல்லாத்துக்கும் ஒரே கரைப்பான் இருந்தால்தானே நியாயமாக ஒப்பிட முடியும் என்பார். 'பந்தியில ஒருத்தனுக்கு ஒரு சாம்பார், இன்னொருத்தனுக்கு இன்னொரு சாம்பாரா? எல்லாருக்கும் ஒண்ணுதான்' என்று சொல்லித் தானே முதலில் சிரிப்பார். திங்கட்கிழமை எல்லா மருந்தையும் கரைத்துச் சின்னச் சின்னக் குப்பியில் ஊற்றிப் பிரிட்ஜில் வைத்துவிட்டால் வாரம் முழுக்க அதுதான். மார்கழித் தேங்காய் எண்ணெய் மாதிரி பிரிட்ஜில் உறைந்து கிடக்கும், வேண்டும்போது உள்ளங்கையில் வைத்து உருக்கிக்கொள்ள வேண்டியது. எத்தனை குப்பியை உருக்கியிருப்பாள்! எவ்வளவு நேர்மையாக, எவ்வளவு சுத்தமாக, ஒரு சொட்டுக் கூடக் குறையாமல்!

அவளுடைய மருந்துக்கு ஏழாம் நம்பர் என்று பேர். ஆரஞ்சு நிறப் பொடி. அதற்கு ஒன்றும் ஆகாது, அதில் பிளாட்டினத்தை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டியிருக்கிறது, டி.எம்.எஸ்.ஓ. வந்து தட்டினாலும் கதவு திறக்காது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வைத்த சிஸ்பிளாட்டின்? அது பாவம். அதன் பிளாட்டினத்துக்கு ஒரே பக்கமாக இரண்டு குளோரின், செல்லுக்குள் போனதும் அதைக் கழற்றிப் போட்டுவிட்டு அந்த இரண்டு கையாலும் டி.என்.ஏ. என்கிற மரபுச் சரத்தைப் பிடித்து வளைக்க வேண்டும், அதுதான் அதன் வேலை. குப்பிக்குள்ளேயே கந்தகம் வந்து கையைப் பிடித்துக்கொண்டால் அப்புறம் எதைப் பிடிக்கும்? கையைக் கட்டிப் போட்டவனோடு குஸ்திக்கு நின்று, ஜெயித்தோம் ஜெயித்தோம் என்று பேப்பரில் போட்டுக்கொண்டோமா? அப்படியும் இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். இருக்காது. சாருக்குத் தெரியாததா? ஆராய்ச்சி இதழுக்குப் போன கட்டுரையைப் பார்த்துச் சரி சொன்ன பெரிய பெரிய ஆட்களுக்குத் தெரியாததா? கோயம்புத்தூர்க் கருத்தரங்கில் போஸ்டர் முன்னால் அத்தனை பேர் வந்து நின்றார்களே, யார் கேட்டார்கள்? ஒரே ஒரு அம்மா கேட்டார்கள். நரைத்த தலை, கஞ்சி போட்ட கைத்தறிச் சேலை, கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டுக்கொண்டு. எல்லாப் படத்தையும் நிதானமாகப் பார்த்துவிட்டு, சிஸ்பிளாட்டினை எதில் கரைத்தீர்கள் என்றார்கள். டி.எம்.எஸ்.ஓ. மேடம் என்றாள். ஓ என்றார்கள். அடுத்த போஸ்டருக்குப் போய்விட்டார்கள். அந்த ஓ! திட்டியிருந்தால் மறந்திருப்பாள், எதிர்த்துச் சண்டை பிடித்திருப்பாள். ஓ என்றால் என்ன அர்த்தம்? ரயிலில் வரும்போது ஜன்னல் கம்பியில் ஓ, ஆஸ்டலில் பல் தேய்க்கும்போது ஓ, நேற்றுச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்திருக்கிறாள், பக்கத்து ரூம் பிள்ளை கேட்டாள், அக்கா யாரை நினைச்சு உருகுதீங்க என்று. கல்யாணம் என்று நினைத்திருக்கும் அந்தப் பிள்ளை. முப்பத்திரண்டு வயசில் இவள் ஒரு ஓவை நினைத்து உருகிக்கொண்டிருக்கிறாள்.

'என்னம்மா, சாப்டலியா?' கதவை அரைவாசி திறந்து ஞானதிரவியம் சார் தலையை நீட்டினார். அவள் திடுக்கிட்டு எழுந்ததில் ஸ்டூல் சாய்ந்தது. 'இல்ல சார், தட்டு உள்ள இருக்கு.' 'இன்னும் என்ன தட்டு? எல்லாம்தான் முடிஞ்சிதே. நாளைக்குப் பத்து மணிக்குப் பி.எச்டி. சுருக்கம் வாசிக்கணும், தூங்கி எந்திரிச்சி வா. தொண்டையைக் கவனிச்சிக்க.' 'சரி சார்.' 'பயப்படாத. நம்ம பிள்ளைங்கதான் இருப்பாங்க. கேக்குறவனும் நம்மாளுதான்.' சிரித்துவிட்டுக் கதவைச் சாத்தினார். திரும்பவும் திறந்து, கேன்டீனில் லெமன் சாதம் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். எவ்வளவு நல்ல மனுஷன். ஜூனில் ரிட்டயர்மென்ட், அவருக்குக் கடைசி மாணவி இவள்தான். பேப்பர்ச் செய்தியைச் சட்டம் போட்டு மேஜைக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார், வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி. மகள் வீட்டுக்கு நாகர்கோவில் போயிருந்த அன்றைக்குத்தான் இவள் இந்தத் தட்டைப் போட்டாள், அவருக்குத் தெரியாமல், திருடி மாதிரி. ஒரு வரிசை ஏழாம் நம்பர். ஒரு வரிசை சிஸ்பிளாட்டின், வழக்கம் போலப் பிரிட்ஜ்க் குப்பியிலிருந்து. மூன்றாவது வரிசையும் சிஸ்பிளாட்டின்தான், ஆனால் அதை அப்போதே புதிதாக வெறும் உப்புத் தண்ணீரில் கரைத்து ஊற்றினாள், ஆஸ்பத்திரியில் மதினிக்கு ஏற்றுகிறார்களே அது மாதிரி. மூன்று வரிசையிலும் மருந்து இடதுபக்கக் குழியில் அதிகம், வலதுபக்கம் போகப் போகக் கம்மி. மூன்றாவது வரிசையும் இரண்டாவதைப் போலவே ஊதாவாக இருந்தால் அந்த அம்மாவின் ஓ சும்மா ஓ. அதைவிட மஞ்சளாக இருந்தால் பன்னிரண்டு மடங்கு போச்சு, நாளைக்குப் பத்து மணி போச்சு, அந்தச் சட்டம் போட்ட படம் போச்சு. அதெல்லாம் போகட்டும். அண்ணாச்சி வீட்டில் ஒருத்தி ஊசி போடாமல் படுத்திருக்கிறாளே.

மறுபடி தோளைச் சாய்த்தாள். இரும்பு முதுகு இளஞ்சூடாக இருந்தது, காய்ச்சல்கார உடம்பு மாதிரி. சிஸ்பிளாட்டினை யாரும் தேடிக் கண்டுபிடிக்கவில்லை என்று எம்.எஸ்ஸி.யில் சார் கதை சொல்வார். எங்கேயோ வெளிநாட்டில் கிருமிகள் வளர்கிற தண்ணீரில் கரண்டை விட்டுப் பார்த்திருக்கிறார்கள், கரண்டு விட வைத்த கம்பி பிளாட்டினம். பார்த்தால் கிருமிகள் இரண்டாகப் பிரிவதை மறந்துவிட்டன. சாகவும் இல்லை, பிரியவும் இல்லை, நூல் நூலாக நீண்டுகொண்டே போயின. கரண்டால் இல்லை, கம்பியிலிருந்து கரைந்த பிளாட்டினத்தால் என்று பிறகுதான் கண்டுபிடித்தார்கள். பிரிய முடியாமல் நீண்டுகொண்டே போவது. எங்கே முடிப்பது என்று தெரியாமல். அவளுக்கு அந்த நூல்கள் தெரிந்தன, வெளுத்த தண்ணீருக்குள் மிதந்து மிதந்து, ஒன்றை ஒன்று உரசாமல், பிறகு அவை தண்ணீரில் இல்லை, தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டுகிற பாவாக விரிந்திருந்தன, கெஜக்கணக்கில், அதற்கு அந்தப் பக்கம் ஒரு பொம்பளை உட்கார்ந்திருந்தாள். முகம் தெரியவில்லை. மதினியை அவள் பார்த்ததே இல்லையே, முகம் எப்படித் தெரியும். பெட்டிக்குள் இருக்கிற செல்களும் ஒரு பொம்பளையுடையவைதான், இதே நோயில் செத்துப்போனவள், எழுபது வருஷத்துக்கு மேலாயிற்று, அவள் போனாலும் அவள் கட்டி மட்டும் உலகம் பூரா லேபுகளில் வளர்ந்துகொண்டே இருக்கிறது, இங்கே இந்த ஊரிலும். வாரத்துக்கு இரண்டு தடவை செண்பகவல்லி அதற்குச் சாப்பாடு மாற்றுகிறாள். ஊருக்குப் போனால்கூட, ஐயோ சாப்பாடு மாற்றவில்லையே என்று மனசு அடித்துக்கொள்ளும். புற்றுநோய் பட்டினி கிடக்கிறதே என்று அழுத பிறவி இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நூலுக்கு அந்தப் பக்கம் இருந்தவள் எழுந்து வந்தாள், குழிக்கு ஒருத்தியாகத் தொண்ணூற்றாறு பேராக நின்றாள், எல்லாருக்கும் முகம் இல்லை, எல்லாரும் ஒரே குரலில் எப்ப வரும் என்றார்கள். வரும் வரும் என்று சொல்ல வாயெடுத்தாள், வாய் முழுக்கப் பூண்டு.

கண் விழித்தபோது மூன்று நாற்பது. இன்னும் இருபது நிமிஷம். ஆறு வருஷத்தில் ஒரு நாளும் நேரத்துக்கு முன்னால் பெட்டியைத் திறந்ததில்லை. இன்றைக்குத் திறந்தாள். தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். முதல் வரிசை, ஏழாம் நம்பர், ஆறாவது குழிவரை மஞ்சள், பிறகு ஊதா. எப்போதும் போல. இரண்டாவது வரிசை, பிரிட்ஜ்க் குப்பி சிஸ்பிளாட்டின், முதல் இரண்டு குழி மஞ்சள், மற்றதெல்லாம் கத்தரிப்பூ மாதிரி ஊதா. எப்போதும் போல. மூன்றாவது வரிசையைப் பார்க்காமல் ஒரு நிமிஷம் வேப்பமரத்தைப் பார்த்தாள். பார்த்துத்தானே ஆக வேண்டும். முதல் குழி மஞ்சள், இரண்டு மஞ்சள், மூன்று, நாலு, ஐந்து, ஆறு. ஏழு மஞ்சள். எட்டும் மஞ்சள். ஒன்பதாவதில்தான் லேசாக ஊதா பூத்திருந்தது. மிஷினில் வைத்து நம்பர் எடுக்க வேண்டியதே இல்லை, கண்ணே போதும். பழைய மருந்துதான் ஜெயித்திருக்கிறது, நன்றாகவே ஜெயித்திருக்கிறது. ஏழாம் நம்பர் மோசமில்லை, சுமார், அவ்வளவுதான். நாளைக்குப் பத்து மணிக்கு இந்தத் தட்டு இல்லாத மாதிரி போய் நிற்கலாம். கழுவிவிட்டால் தீர்ந்தது, யாருக்குத் தெரியும். நிஜமாகவே அப்படி நினைத்தாள், கழுவுதொட்டிப் பக்கம் கால் இரண்டடி போய்விட்டது, அதை மறைக்க என்ன இருக்கிறது. அப்புறம் அங்கேயே நின்று போனை எடுத்தாள்.

தறிச் சத்தம், அதற்கு மேல் அவர் குரல். 'சொல்லுங்க தங்கச்சி! வந்துருச்சா?' 'அண்ணாச்சி, எங்க மருந்து நல்லா இல்ல. நாங்க தப்பாச் சோதனை பண்ணிட்டோம். மதினிக்குப் போட்ட ஊசிதான் நல்ல ஊசி. நாளைக்கே கூட்டிட்டுப் போங்க.' தறி தடதடத்தது. கேட்கவில்லையோ என்று திரும்பவும் சொன்னாள். 'கேட்டுச்சு, கேட்டுச்சு' என்றார். பிறகு அவர் குரலைத் தாழ்த்தி அவள் முதல் தடவையாகக் கேட்டாள். 'யாரு மெரட்டுறாங்க தங்கச்சி? பழைய ஊசி விக்கிற கம்பெனிக்காரனுவளா? பயப்படாதீங்க. நாங்க யாருகிட்டயும் மூச்சு விடமாட்டோம். நீங்க செய்யறதைச் செய்ங்க, நாங்க காத்திருக்கோம்.' அண்ணாச்சி, ஒருத்தரும் மிரட்டவில்லை என்று அவள் கத்தினாள், கத்தக் கத்த அது மிரட்டப்பட்டவள் கத்துகிற மாதிரியே கேட்டது. நாலு பத்திச் செய்தியை நம்பினவர், சொன்னவளே வந்து பொய் என்றால் நம்பமாட்டேன் என்கிறாரே! அழுகை வந்தது. 'மதினிகிட்டக் குடுங்க அண்ணாச்சி. ஒங்க காலப் புடிச்சிக் கேக்கேன், குடுங்க.'

செருப்புச் சத்தம், ஒரு கதவு, தறி தூரத்துக்குப் போனது. அப்புறம் ஒரு மெல்லிசான குரல், நான் ஆவுடை பேசுதேன் என்று. செண்பகவல்லி எல்லாவற்றையும் சொன்னாள், கரைப்பான், கந்தகம், மூன்றாவது வரிசை, ஒன்றையும் விடாமல், புரியுமா புரியாதா என்று பார்க்காமல். 'எனக்குத் தெரியும்மா' என்றாள் ஆவுடை. 'என்ன தெரியும் மதினி?' 'அந்த ஊசி கேக்குதுன்னு தெரியும். ரெண்டாவது ஊசிக்கப்புறம் ரத்தம் படறது நின்னுபோச்சு. ஆறு மாசமா நிக்காதது. நான் இவுககிட்டச் சொல்லல. சொன்னா மூணாவது ஊசிக்குத் தூக்கிட்டுப் போயிருவாக. அந்த வாந்தி, எம்மா, கொடலே வெளிய வந்துரும் போல. ஒங்க மருந்துன்னு இவுக சொன்னதும் அதைப் புடிச்சிக்கிட்டேன். நீங்க வரும்னு சொன்னீகள்லா.' 'சொன்னேன் மதினி. தப்பு என்னோடது.' 'இப்ப திரும்பவும் படுது. மூணு நாளாச்சு.' அதை ஆவுடை சாதாரணமாகத்தான் சொன்னாள். 'அண்ணாச்சிகிட்டச் சொல்லிருங்க மதினி. இன்னிக்கே. வாந்திக்கு மாத்திரை இருக்கு, மாத்தித் தருவாங்க, கேட்டு வாங்கணும், நானும் கூட வாரேன்.' 'எப்படிம்மா சொல்ல? இத்தன நாளு மறைச்சிட்டேன்னு தெரிஞ்சா அந்த மனுசன் ஒடிஞ்சிருவாக.' செண்பகவல்லி கையிலிருந்த தட்டைப் பார்த்தாள். 'எனக்கும் ஒருத்தர்கிட்டச் சொல்லணும் மதினி. அவரும் ஒடிஞ்சிருவாரு.' 'அப்ப நீங்க மொதல்ல சொல்லுங்க' என்றாள் ஆவுடை. 'நீங்க சொல்லிட்டீங்கன்னா எனக்கும் வந்துரும்.' 'சரி, வைக்காதீங்க. லைன்லயே இருங்க.'

சார் அறைக்குப் பதினெட்டு அடி. தட்டு ஒரு கையில், போன் ஒரு கையில். சார் கண்ணாடியை நெற்றியில் தூக்கிவிட்டு அவள் ஆய்வுச் சுருக்கத்தில்தான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார், பக்கம் பக்கமாக, பேரப்பிள்ளைக்குப் பெயர் எழுதுகிற மாதிரி அழகாக. அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தாள், தட்டை அவர் முன்னால் வைத்தாள். 'சார், மூணாவது வரிசையைப் பாருங்க. அதும் சிஸ்பிளாட்டின்தான். உப்புத் தண்ணியில கரைச்சது.' சார் கண்ணாடியை இறக்கினார். தட்டைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்தார். நாற்பது வருஷம் கெமிஸ்ட்ரி பார்த்த மனுஷன், அதற்கு மேல் ஒரு வார்த்தை அவருக்குத் தேவைப்படவில்லை. தட்டை வைத்துவிட்டுப் பேனாவை மூடினார், மூடி சரியாகப் பொருந்தவில்லை, திரும்பவும் மூடினார். 'எப்பம்மா போட்ட?' என்றார். 'நீங்க ஊருக்குப் போனப்ப, சார். பன்னெண்டு மடங்கு இல்ல சார். ஒரு மடங்குகூட இல்ல. நாளைக்கு நான் வாசிக்கல.' அவர் பதில் சொல்வதற்குள் மேஜையிலிருந்த போனில் ஆவுடையின் குரல் கேட்டது, இவர்களிடம் இல்லை, வேறு பக்கம் திரும்பி, 'ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க. ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.'

சார் போனைப் பார்த்தார். 'யாரும்மா அது?'

'நம்ம பேப்பர்ச் செய்தியைப் படிச்சிட்டு ஊசிய நிறுத்துனவங்க, சார்.'